ஃபியர் இனாகுலம்: பாட்டு நிற்கிறது, பெட்டிதான் சார்ஜ் கேட்கிறது

"டூல் குழுவோட அந்த ஸ்கிரீன் வச்ச சிடி பெட்டி செகண்ட் ஹேண்ட்ல வருதுண்ணே, எடுக்கலாமா?" பினாங்குத் தம்பி ஒருவரின் கேள்வி. அமெரிக்க மெட்டல் குழுவான டூலின் ஃபியர் இனாகுலம் ஆல்பம் வந்த பெட்டியைத்தான் கேட்கிறார். ஒரு வரியில் முடியும் பதில் இல்லை.

2006இல் வந்த 10,000 டேஸ் ஆல்பத்துக்குப் பிறகு 13 வருடம் காக்க வைத்து, 2019 ஆகஸ்ட் 30 அன்று வெளிவந்த ஆல்பம். வந்த வேகத்தில் அமெரிக்காவின் பில்போர்ட் 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம். அதிலுள்ள 7எம்பெஸ்ட் பாட்டுக்கு கிராமி விருது. விமர்சகர்களில் பெரும்பாலோர் கைதட்டினார்கள். சிலர் பழைய டூலையே இழுத்துப் பிடித்து வாசித்திருக்கிறார்கள் என்றார்கள். ரசிகர்களின் மனத்தாங்கல் வேறு. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் பாடகர் மேனார்ட் வாய் திறக்கும் நேரம் கம்மி. நியாயமான குறைதான். ஆனால் இது டிரம்ஸ் வாசிக்கும் டேனி கேரியின் ஆல்பம். மனுஷன் தபலா கற்றவர், அது கையில் தெரிகிறது. ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகள், பலவும் ஏழு எண்ணிக்கையில் இருப்பதால் தகிட தகதிமி சொல்லிப் பழகிய நம் ஆட்களுக்கு நுழைவது சுலபம். 7எம்பெஸ்டில் ஒரு ரிஃப் 21 மாத்திரைக்குப் போகும். தொடையில் தட்டிக்கொண்டு வருபவர்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். சாக்லேட் சிப் டிரிப் என்ற பாட்டு டிரம்ஸ் தனி ஆவர்த்தனம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், பாவமில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். வீடியோ ஓடும் 4 அங்குலத் திரை, 2 வாட் ஸ்பீக்கர், யூஎஸ்பி கேபிள், 36 பக்கப் புத்தகம், டவுன்லோட் கார்டு. ஒரு சிடி வாங்கினால் அதற்கு சார்ஜ் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ! ஒலிப்பதிவாளர் ஜோ பாரெஸி அவ்வளவு சுத்தமாகப் பதிவுசெய்த பாஸ் ஒலி, அந்த ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. பசார் மாலாம் இரவுச் சந்தை ஒலிபெருக்கி தேவலாம். வீடியோவை இரண்டு தரம் பார்த்தால் ஆசை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டி அலமாரியில் தூங்கும். தூக்கம்தான் பேட்டரிக்கு எமன். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடிமட்டத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் திரும்ப சார்ஜ் ஏறாமலே போகலாம். மாற்றலாம் என்று அட்டையைப் பிரித்தால் அச்சோடு கிழியும்.

வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப்டாப் யூஎஸ்பியில் பாதி அளவுக்கு ஏற்றி வையுங்கள். முழுசாக நிரப்பி மூடாதீர்கள், மேலே கனமான ரெக்கார்டுகளை அடுக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விடவே விடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் அட்டையும் புத்தகமும் பூசணம் பிடிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை பாக்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்.

இன்னொரு எரிச்சல். சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் இடமில்லை என்பதால் அதில் ஏழு பாட்டுதான், சுமார் 79 நிமிடம். கைத்தொலைபேசியில் ஸ்ட்ரீம் செய்பவருக்கு இடையிசை மூன்றும் சேர்த்து பத்து, 86 நிமிடத்துக்கு மேல். காரில் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா டோலில் ஆரம்பித்தால் தாப்பா பக்கம் போய் முடியும். அதிகம் கொடுத்தவனுக்குக் குறைவு! டவுன்லோட் கார்டு அதற்குத்தான். ஆனால் செகண்ட் ஹேண்டில் அந்த டவுன்லோட் குறியீடு ஏற்கெனவே பயன்பட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தம்பி, விற்பவரிடம் திரை எரியும் போட்டோ கேட்காதீர்கள். கேபிளைக் கழற்றியபின் வீடியோ கடைசிவரை ஓடுவதைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். கேபிளை எடுத்ததும் அணைந்தால் பேட்டரி போச்சு. மூடியபோது பெட்டி தட்டையாக உட்காருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், அமுக்கவும் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. அது மின்கழிவு.

இவ்வளவு திட்டியபிறகு இதைச் சொல்வது வேடிக்கைதான். திரை செத்த பெட்டி, உப்பல் இல்லாமல், பாதி விலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். சிடியும் 36 பக்கமும் அதேதான். திரை எரியும் பெட்டிக்கு விலை கூட்டிக் கேட்டால் விட்டுவிடுங்கள், அதுவும் ஒருநாள் இந்த நிலைக்குத்தான் வரும்.