ஊட்டி ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்: சீசன் மோசடிகள் பற்றி ஓர் எச்சரிக்கை

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஊட்டி, கொடைக்கானல் ரூம்களுக்கு அடிபிடி தொடங்கிவிடும். அந்த அவசரத்தை வைத்தே பணம் பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எப்படிப் பணத்தை இழந்தது என்பதை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறோம். தொகைகள் எந்த வரிசையில் போயின என்று பாருங்கள். ஏமாற்றும் முறையே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஏழு பேர், இரண்டு ரூம், மூன்று இரவு. ஊட்டியில் உண்மையிலேயே இருக்கும் ஒரு லாட்ஜை மேப்பில் பார்த்து, அதில் இருந்த செல் நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். ரூம் படங்களும் ரேட் கார்டும் வாட்ஸ்அப்பில் வந்தன. ஒரு ரூமுக்கு ஓர் இரவு 2,800 ரூபாய், மொத்தம் 16,800. பாதி அட்வான்ஸ் என்று 8,400 அனுப்பினார்கள். பத்து நிமிடத்தில் போன். "சார், சீசன் டைம்ல ஃபுல் பேமென்ட் வந்தாத்தான் சிஸ்டம் வவுச்சர் போடும்." மீதி 8,400-ம் போனது, வவுச்சரும் வந்தது. மறுநாள் செக்-இன் டெபாசிட் 5,000 கேட்டார். ரூமைக் காலி செய்யும்போது திருப்பித் தருவாராம். அதையும் கட்டியபிறகுதான் வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்து, புக்கிங்கே வேண்டாம், கேன்சல் செய்யுங்கள் என்றிருக்கிறார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், ரீஃபண்ட் க்யூஆர் அனுப்புறேன். ஸ்கேன் பண்ணி 5,000 போட்டு பின் நம்பர் அடிங்க, மொத்தமும் சேர்ந்து வந்துடும்." அடித்தார்கள். இன்னொரு 5,000 போனது. ஆக மொத்தம் 26,800.

அன்று இரவு லாட்ஜின் லேண்ட்லைனைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது ரிசப்ஷனில் இருந்தவர் சொன்னது: "இந்த செல் நம்பர் எங்களோடது இல்லீங்க. உங்க பேர்ல புக்கிங்கும் இல்லீங்க."

மேப்பில் இருக்கும் விவரத்தை யார் வேண்டுமானாலும் 'திருத்தம் பரிந்துரை' என்று போட்டு மாற்றச் சொல்லலாம். உரிமையாளர் கவனிக்காமல் விட்ட பக்கங்களில் மோசடிக்காரர்கள் தங்கள் செல் நம்பரை இப்படித்தான் ஏற்றுகிறார்கள். பெயர், படம், நட்சத்திரம், விமர்சனம் எல்லாம் உண்மையாக இருக்கும், நம்பர் மட்டும் பொய். அதனால் 'ரேட்டிங் நன்றாக இருந்தது' என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளிலும், லாட்ஜ் பெயரில் ஓர் எழுத்து மாற்றிப் போட்ட போலித் தளங்களிலும் இதே கதைதான்.

அந்த வவுச்சரை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். முகவரி என்ற இடத்தில் 'ஊட்டி லேக் அருகில்' என்று மட்டும் இருந்தது. கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை. கீழே ஒரு ஜிஎஸ்டி எண். எண்ணிப் பார்த்தால் 14 எழுத்துகள், ஆரம்பம் 29. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்துகள் இருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. 29 என்பது கர்நாடகா. ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். சின்ன ஹோம்ஸ்டேக்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் எண்ணைப் போட்டுவிட்டு அது தப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் வரும் பெயர். அது வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர். லாட்ஜ் பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத ஒரு தனிநபர் பெயர் வந்தால் பின் நம்பர் அடிக்கும் முன் நிறுத்துங்கள். 'எங்க அக்கவுன்டன்ட் பேர் சார்' என்பார்கள். அப்படியானால் லாட்ஜின் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் கேளுங்கள். நிஜமான லாட்ஜாக இருந்தால் கொடுத்துவிடும்.

இதையெல்லாம்விட எளிய சோதனை, போன். ஊட்டிக்கும் குன்னூருக்கும் எஸ்டிடி கோடு 0423, கோத்தகிரிக்கு 04266, கொடைக்கானலுக்கு 04542. லாட்ஜின் லேண்ட்லைனை மேப்பில் எடுக்காமல் வேறு இரண்டு இடங்களில் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் அதற்கு அடித்து, 'இந்த செல் நம்பர் உங்களுடையதா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். லேண்ட்லைன் இல்லாத காட்டேஜ் என்றால் அப்போதே வீடியோ காலில் வரச் சொல்லி, ரிசப்ஷன் மேஜையிலிருந்து வெளியே நடந்து போய் பெயர்ப்பலகையையும் எதிர்த்த ரோட்டையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. நெட் வரவில்லை, மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்று இழுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அனுப்பிய வீடியோவை நம்பாதீர்கள், அது எங்கிருந்தும் எடுத்ததாக இருக்கலாம்.

ரீஃபண்ட் க்யூஆர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஏமாந்து பதறிப்போய் இருப்பவரிடம்தான் அது வருகிறது. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. க்யூஆரை ஸ்கேன் செய்து பின் அடித்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும். 'பில் நம்பர் சேராம வந்துடுச்சு, அதே தொகையை மறுபடி அனுப்புங்க, பழசு தானா திரும்பிடும்' என்பதும் இதே வகை. ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

மசினகுடி, சேகூர்ப் பக்கம் 'காட்டுக்குள் ரிசார்ட்' என்று வரும் விளம்பரங்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 ஆகஸ்டில் சீல் வைத்தார்கள். வழித்தடத்தைக் காக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மூடிய இடங்களின் படங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கும். கேட்கும் இடம் இன்று இயங்குகிறதா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

அதே ஊரில் ஜீப் சஃபாரி என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் சுற்றிக்காட்டுவது வனத்துறை. தெப்பக்காட்டில் அவர்கள் வண்டியில், அவர்கள் டிக்கெட்டில்தான் உள்ளே போக முடியும். தனியார் ஜீப் உங்களைக் கூட்டிப்போவது மாயார், சிங்காரா பக்கம் எல்லோரும் போகும் ஊர்ச்சாலையில். மான் தெரியலாம், யானையும் தெரியலாம், ஆனால் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனாலும் அது தெரியும். 'நைட் சஃபாரி' என்பதற்கு அனுமதியே கிடையாது. வண்டியைப் பிடித்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அபராதம் விழலாம். கோடை வறட்சியில் காட்டுத்தீ பயத்தால் வனத்துறை சஃபாரியையே நிறுத்திவைப்பதும் உண்டு, அந்த நாட்களில் 'நாங்க உள்ள விடுறோம்' என்பவர் சொல்வது பொய். கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், நாளுக்கு இத்தனை வண்டி என்ற கணக்கு உண்டு. அதற்கும் இடைத்தரகர்கள் நிற்கிறார்கள்.

மலர்க் கண்காட்சியைக் காட்டி விற்கும் பேக்கேஜில் மோசடி வேறு மாதிரி. 'மே இரண்டாம் வாரம், ஃபிளவர் ஷோ உட்பட' என்று மார்ச்சிலேயே பணம் வாங்கிவிடுவார்கள். ஆனால் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். தாவரவியல் பூங்காவில் கண்காட்சி தொடங்கியது 2022-ல் மே 20, 2023-ல் மே 19, 2024-ல் மே 10, 2025-ல் மே 15. மாவட்ட நிர்வாகமும் தோட்டக்கலைத் துறையும் அறிவிக்கும் முன் தேதி சொல்பவர் ஊகத்தைத்தான் விற்கிறார். ரோஜாக் கண்காட்சி ஊட்டி ரோஜாப் பூங்காவில், பழக் கண்காட்சி குன்னூர் சிம்ஸ் பூங்காவில், காய்கறிக் கண்காட்சி கோத்தகிரி நேரு பூங்காவில், வாசனைப் பொருள் கண்காட்சி கூடலூரில். ஊரும் வேறு, நாளும் வேறு. 'எல்லா ஷோவும் மூணு நாள்ல' என்ற வரியைப் பார்த்தால் எந்த நாளில் எது என்று எழுத்தில் கேளுங்கள். 'விஐபி பாஸ்' என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், நுழைவுச்சீட்டைப் பூங்காவின் கவுன்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மலை ரயிலில் நடப்பது பலருக்கு ஊர் திரும்பிய பிறகும் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும் அந்த 46 கிலோமீட்டர்தான் முழுப் பயணம். பல் சக்கரத் தண்டவாளம் இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும். 12.5 அடி போனால் ஓர் அடி ஏறும் அந்தச் செங்குத்தும், நீராவி இன்ஜினும், பாலங்களும், குகைகளும் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே வந்துவிடும். பேக்கேஜில் 'டாய் ட்ரெயின்' என்று பொதுவாக எழுதிவிட்டு, டீசல் இன்ஜின் இழுக்கும் குன்னூர்–ஊட்டி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சிலர் ஊட்டியிலிருந்து கேத்தி வரைக்கும் மட்டும். அதுவும் அழகான பாதைதான், ஆனால் குழந்தைகள் எதிர்பார்த்து வந்தது அது இல்லை. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை, எந்த வகுப்பு என்று பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன் திறக்கும், மே மாத இடங்கள் சீக்கிரமே முடிந்துவிடும். அதன்பிறகு 'கன்ஃபர்ம் டிக்கெட் எங்ககிட்ட இருக்கு' என்று விற்பவரிடம் 10 இலக்க பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு, ரயில்வே விசாரணை எண் 139-ல் நீங்களே பாருங்கள். டிக்கெட்டில் வேறொருவர் பெயர் இருந்தால் அது உங்களுக்கு உதவாது, பரிசோதகர் அடையாள அட்டையைப் பார்ப்பார்.

இ-பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வண்டிகளுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உங்கள் பயணத் தேதிக்கு என்ன விதி என்பதைக் கிளம்பும் முன் மாவட்ட நிர்வாக அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பாஸ் எடுக்கும் தளத்தின் முகவரி டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி (tnega.org) என்று முடியும். அதே போல ஒரு பக்கத்தைச் செய்து 'சர்வீஸ் சார்ஜ்' கேட்டால் அது போலி. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த பாஸில் வண்டி எண் வேறாக இருந்தால் சோதனைச்சாவடியில் ஸ்கேன் செய்யும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தலைவலியே இல்லை.

இடம் நிஜம், ஆனால் சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் வழி வேறு. 'ஊட்டி லேக் வியூ' என்று போட்டுவிட்டு ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி இருப்பது, வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வருவது, ஹீட்டருக்கும் கூடுதல் படுக்கைக்கும் தனி பில் போடுவது எல்லாம் சேவைக் குறைபாட்டில் வரும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், ரூமில் எடுத்த படம் மூன்றும் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போடலாம். தீரவில்லை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஊட்டிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

போலி ஆளிடம் ஏமாந்து பணமே போய்விட்டது என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் நகரும். நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். போனை எடுக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு தடவை அனுப்பியதற்கும் உள்ள 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, எதிராளியின் யுபிஐ முகவரி, செல் நம்பர். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவை முடித்து, அந்தப் புகார் எண்ணோடு உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். முடக்கிய பணம் தானாகத் திரும்பாது, சில சமயம் நீதிமன்ற உத்தரவும் வேண்டியிருக்கும். அதனால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த நம்பரை பிளாக் செய்யும் முன் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

புகாரில் அந்த லாட்ஜைக் குற்றவாளியாக எழுதிவிட வேண்டாம், அவர்களுடைய பெயரும் திருடுபோயிருக்கிறது. அந்த செல் நம்பர் தங்களுடையதல்ல என்று லாட்ஜ் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்கிப் புகாரோடு சேருங்கள். மேப்பில் இருக்கும் தவறான நம்பரை அவர்களும் நீங்களும் அன்றே ரிப்போர்ட் செய்துவிட்டால், அதே ரூமுக்கு அடுத்து அடிப்பவர் தப்பிப்பார்.