கூழ்ப்பானைக்கு எந்த உலோகம்?

ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் கூழ்) காய்ச்சுவதற்கு அலுமினியமா, எவர்சில்வரா, பித்தளையா என்பதை யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் பழக்கமே தீர்மானிக்கிறது. உலோகப் பிணைப்பைக் கொண்டு தீர்மானித்தால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

மூன்றிலும் பிணைப்பு ஒன்றே. நேரேற்றமுள்ள அயன்கள் (இலத்திரன் இழந்த அணுக்கள்) சாலகமாக, அதாவது ஒழுங்கான வரிசைகளாக, அடுக்கப்பட்டிருக்க, ஓரிடப்படாத (எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாத) இலத்திரன்கள் அவற்றினூடே உலவி அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அடுப்பின் வெப்பத்தைப் பானையின் அடியெங்கும் பரப்புவதிலும் இந்த இலத்திரன்களுக்கே பெரும்பங்கு உண்டு. இலத்திரன்கள் கூடினால் கடத்தலும் கூடும் என்று மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு. ஆனால் அணுவொன்றுக்கு 3 இலத்திரன்களை விடுவிக்கும் அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன், மீற்றருக்கும் கெல்வினுக்குமாக ஏறத்தாழ 237 உவாற்று. ஓர் இலத்திரனையே விடுவிக்கும் செம்பினுடையதோ ஏறத்தாழ 400. இலத்திரன் தடைப்படாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும் எண்ணிக்கையளவு முக்கியமானது.

அந்த ஓட்டத்தைக் குலைப்பவை சாலகத்தில் புகும் வேற்றணுக்கள். செம்பில் 30 சதவீதம் நாகம் (துத்தநாகம்) கலந்து பித்தளையாக்கியதும் 400 என்பது ஏறத்தாழ 120 ஆகிவிடுகிறது. இரும்புடன் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எவர்சில்வரில் அது வெறும் 16. மெல்லிய எவர்சில்வர்ப் பானையில் சுவாலை படும் இடத்தில் மட்டும் மா அடிப்பிடிப்பது இதனாலேயே.

எனினும் அதே வேற்றணுக்கள்தான் அயன் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதையும் தடுக்கின்றன. ஆகவே அலுமினியத்தை நெளிக்கும் அடி பட்டாலும் எவர்சில்வர் நெளிவதில்லை. கடத்தலில் இழந்ததை அது உறுதியில் பெறுகிறது. அலுமினியத்துக்கு இன்னொரு வலிமை, இலேசு: அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம், எவர்சில்வரினது ஏறத்தாழ 8. விருந்துக்கிடாரத்தைத் தூக்கி இறக்கியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கூழுக்குப் புளி விடுகிறோம். புளியின் அமிலம் அலுமினியத்தைக் காக்கும் ஒட்சைட்டுப் படையைக் கரைக்கும். பித்தளையிலிருந்து செம்பையும் கரைக்கும், அதனாற்றான் அதன் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசினார்கள். எவர்சில்வரின் குரோமிய ஒட்சைட்டுப் படை சமையற் புளிக்கு அசையாது.

ஆகவே என் தெரிவு, அடித்தட்டில் அலுமினியப் படை வைத்து அடைத்த தடித்த எவர்சில்வர்ப் பானை: வெப்பத்தை உள்ளிருக்கும் அலுமினியம் பரப்பும், புளியை எவர்சில்வர் தாங்கும். அலுமினியக் கிடாரம் சோறு அவிக்க இருக்கட்டும்.