கடைசித் தழை போட்ட பிறகு: பேண்ட்கேம்ப் என்ற இசைக்கடை

பட்டுப்புழு கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. ஒரு புழு பிறந்ததிலிருந்து கூடு கட்டும்வரை தின்கிற தழையில் 100-க்கு 80 பங்குக்கு மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்று தீர்க்கும். ராயக்கோட்டைப் பக்கம் நாங்கள் மல்பெரி வைத்துப் பத்து வருடம் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கடைசித் தழை போடுவது என் வேலை. போட்டு முடித்துக் கதவருகில் நின்றால் மெல்ல ஒரு சத்தம் எழும். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் இலையை அரிக்கிற சத்தம். கண்ணை மூடினால் தகரக் கூரையில் சீராக விழுகிற தூறல்தான்.

அந்தச் சத்தத்தின் மேல் எந்தப் பாட்டும் உட்காரவில்லை. சினிமாப் பாட்டு வைத்துப் பார்த்தேன், பக்திப் பாட்டு வைத்தேன். இரண்டும் எனக்குப் பிடித்தவைதான், ஆனால் அந்த நேரத்துக்கு ஒட்டவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஒருநாள், "அக்கா, இதைக் கேட்டுப் பாரு" என்று பல்கேரியப் பெண்கள் பாடிய பதிவு ஒன்றை அனுப்பினான்.

1952-ல் அந்த நாட்டு வானொலிக்காக அமைத்த பெண்கள் குழு அது. நாட்டுப்புறப் பாடல்களைக் கூட்டுக்குரலில் பாடுவார்கள். மார்செல் செல்லியே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1975-ல் அந்தப் பாடல்களை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். லண்டனில் இருக்கும் 4ஏடி நிறுவனம் 1986-ல் அதை மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் தொகுதிக்கு 1990-ல் கிராமி விருதும் கிடைத்தது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குக் காதில் விழுந்தது வேறு. ஒருத்தி ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கிறாள். இன்னொருத்தி அதற்குப் பக்கத்துச் சுரத்தில் வந்து மோதுகிறாள். இரண்டும் உரசி, நடுவில் ஒரு அதிர்வு நடுங்குகிறது. நம் காதுக்கு முதலில் அபசுரம் போலத்தான் இருக்கும். மூன்றாம் நாள் அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு ராகிக்கல் சுற்றிக்கொண்டே பாடுவார். கல்லின் கனத்த முனகல் கீழே ஓடும், குரல் அதன் மேலே தனியாகப் போகும். நான் தேடியது அதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நிற்காமல் ஓடும் ஓர் அடிச்சத்தம், அதன் மேல் ஒரு மனிதக்குரல், அல்லது குரலே இல்லாத வெளி. உலகத்தில் இதற்கு எதீரியல், டார்க் ஃபோக், டார்க் ஆம்பியன்ட், ட்ரோன் என்று பல பெயர்கள். இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் பேண்ட்கேம்ப். நான்கு வருடமாக அங்கே பணம் கொடுத்து இசை வாங்குகிறேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய இணையக் கடை இது. இசைக்கிறவர் தனக்கென ஒரு பக்கம் வைத்துத் தானே விற்கிறார். வாங்குவதற்கு முன்னால் பெரும்பாலான தொகுப்புகளை முழுதாகக் கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நினைவூட்டும், அவ்வளவுதான். வாங்கியது நம்முடைய கோப்பு. எம்பி3-யாகவோ, தரம் குறையாத ஃபிளாக் வடிவத்திலோ இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். புழு மனைக்குள் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. மாதச் சந்தா செயலிகளை அங்கே நம்ப முடியாது.

ஒரு மணி நேர இசை உயர்தர எம்பி3-யில் ஏறக்குறைய 140 எம்பி வரும். ஃபிளாக் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தெருமுனையில் நின்று எம்பி3-யாகவே இறக்கிவிடுகிறேன். என் இயர்போனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தேடுவதற்குக் குறிச்சொற்கள் இருக்கின்றன. 'டார்க் ஆம்பியன்ட்' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். புதிதாக வருகிறவர் அங்கேயே திகைத்துத் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. நான் கற்றுக்கொண்ட வழி வேறு. ஒவ்வொரு தொகுப்பின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் இதுவரை வாங்கிய மொத்தமும் தெரியும். நமக்குப் பிடித்த மூன்று தொகுப்புகளை அவரும் வைத்திருந்தால், நான்காவதை நம்பிக் கேட்கலாம். ஊரில் நல்ல விதை யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே வீடு வீடாகப் போவது மாதிரிதான். யாரென்றே தெரியாத ஒருவரின் பட்டியல் வழியாகத்தான் என் சேகரிப்பில் பாதி வந்தது.

அப்படிக் கிடைத்ததுதான் காமர்ஹெய்ட். சுவீடனின் வடக்கே உமேயோ என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் தனி ஆளாகச் செய்யும் இசை. 2005-ல் வந்த 'தி ஸ்டார்வீல்' என்ற தொகுப்பை நூறு முறையாவது கேட்டிருப்பேன். தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. தூரத்தில் ஏதோ பெரிய பொருள் ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ராத்திரி அத்தை, என் மாமியார், தழை வாங்கிப் போட உள்ளே வந்தார். ஒரு காதில் இயர்போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரும்மா இது, இந்நேரத்துல ராகி அரைக்கிறாங்க?" என்றார். அத்தையிடம் என் பாட்டியைப் பற்றி நான் சொன்னதே இல்லை.

லஸ்ட்மோர்ட் இன்னும் இருட்டு. வேல்ஸ் நாட்டுக்காரரான பிரையன் வில்லியம்ஸின் மேடைப்பெயர் அது. 1990-ல் அவர் வெளியிட்ட 'ஹெரசி'க்காகக் குகைகளிலும் சுரங்கங்களிலும் நிலவறைக் கல்லறைகளிலும் ஒலி பதிவு செய்திருக்கிறார். கல் சூழ்ந்த இடத்தில் எழும் சத்தம் உடனே அடங்காது, சுவரில் பட்டுப் பட்டு நீண்டு தேயும். ராயக்கோட்டை மலைமேல் ஒரு பாறை இடுக்கில் நின்று கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த நீட்சியைத்தான் இவர்கள் இசையாக ஆக்குகிறார்கள்.

கிரையோ சேம்பர் என்ற வெளியீட்டகமும் அங்கே இருக்கிறது. 2012-ல் சைமன் ஹீத் தொடங்கியது. அவரே அட்ரியம் கார்செரி என்ற பெயரில் இசைக்கிறவர். இந்த வகைக்கு முதல் வாசலாக அதைச் சொல்லலாம், ஒலித்தரம் எப்போதும் சுத்தம். ஆனால் பயமுறுத்துவதற்கென்றே செய்த தொகுப்புகள் அங்கே நிறைய. பேய்க்கதைச் சாயல் எனக்கு அலுத்துவிட்டது. இருட்டு என்றால் பயமாகத்தான் இருக்க வேண்டுமா? கரண்ட் போன ராத்திரியில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான், அந்த இருட்டில் எனக்குப் பயம் இருந்ததே இல்லை.

குரல் பக்கம் வந்தால் நார்வேயின் வார்ட்ருனா. இதை நடத்தும் எய்னார் செல்விக் முன்பு கோர்கொரோத் என்ற பிளாக் மெட்டல் (இரைச்சலும் வேகமும் மிகுந்த ராக் இசை) குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதை விட்டுவிட்டு ஆட்டுக்கொம்பு, குதிரைவால் முடி நரம்பு பூட்டிய பழைய வாத்தியங்கள் என்று போனார். கொம்பின் முதல் ஊதலில், திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துக்கு முன்னால் ஊர் அடங்குகிற அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரும். ரஷ்யாவில் இருக்கும் துவா குடியரசின் ஹூன்-ஹூர்-து குழுவும் அப்படித்தான். ஒரே தொண்டையில் கீழே ஒரு ரீங்காரமும் மேலே ஒரு சீழ்க்கையும் ஒன்றாக எழும். யாரோ பக்கத்தில் புல்லாங்குழல் வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மொழி புரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1981-ல் மெல்போர்னில் தொடங்கிய டெட் கேன் டான்ஸ் குழுவின் லிசா ஜெரார்ட் பல பாடல்களில் பாடுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, அவராகவே எழுப்பும் ஒலிகள். பிறந்த ஊர்க்காரருக்கே புரியாத பாட்டு என்றால் நமக்கும் அவருக்கும் ஒரே தூரம்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெயர் பெற்ற குழுக்கள் எல்லாமே பேண்ட்கேம்பில் முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் சிலரை வேறு இடங்களில்தான் கேட்டேன். தனி ஆட்களுக்கும் சிறு வெளியீட்டகங்களுக்கும்தான் இந்தக் கடை உயிர்.

விலை விற்கிறவர் தேர்ந்தெடுத்த நாட்டுப் பணத்தில் இருக்கும். ஒரு தொகுப்பு 7 டாலர் என்றால் 600 ரூபாயைத் தொட்டுவிடும். எங்கள் கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடு. அதனால் ஒரு தடவை புழு வளர்த்து முடித்தால் ஒரு தொகுப்பு என்று வைத்திருக்கிறேன். கூட்டைத் தருமபுரி அங்காடியில் போட்டுவிட்டு வரும் அன்று வாங்குவேன். விலையை நாமே முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கும் தொகுப்புகளும் ஏராளம், பூஜ்யம் போட்டும் இறக்கலாம். நான் சிறு தொகையாவது போடுகிறேன். கோப்பு விற்பனையில் கடை எடுத்துக்கொள்வது 15 சதவீதம், அதிகம் விற்கிறவர்களிடம் 10. பணம் அனுப்பும் செலவு போக மீதி இசைத்தவருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் கடை தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்க மேற்குக்கரை நேரம் என்பதால் நமக்கு அது வெள்ளி மதியம் 12.30 அல்லது 1.30-க்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம்வரை.

முதல் முறை என் கார்டு மூன்று தடவை மறுக்கப்பட்டது. வங்கிக்குப் போனால் கவுண்டரில் இருந்தவருக்கும் காரணம் தெரியவில்லை, அரை நாள் போனது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்கி வைத்தால்தான் கார்டு வேலை செய்யும். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கிச் செயலியில் போய் இயக்குங்கள், வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

குறை என்றால், கடை கைமாறிக்கொண்டே இருப்பது எனக்குக் கவலை. 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது, 2023-ல் சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது, அப்போது ஊழியர்களில் பாதிப்பேருக்கு வேலை போனது. நாளைக்கு என்ன ஆகும் என்று யார் சொல்வது? வாங்கியதை உடனே இறக்கி, மெமரி கார்டில் ஒரு நகலும் தம்பி வீட்டுக் கணினியில் ஒரு நகலும் வைத்திருக்கிறேன். குறிச்சொற்களிலும் ஒழுங்கு இல்லை. யாரும் எதையும் ஒட்டலாம் என்பதால் 'ஃபோக்' என்று போட்டால் கிடாரோடு காதல் பாட்டும் வரும்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள். அடிச்சத்தத்தை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது, வெறும் காற்று மாதிரி இருக்கும். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கிய வயர் இயர்போன் எனக்குப் போதும். முதலில் வாங்கியது ஒரு வாரத்தில் ஒரு பக்கம் செத்தது, இரண்டாவது இரண்டு வருடமாக உழைக்கிறது.

தொடங்குகிறவர்கள் பல்கேரியப் பெண்களிடமிருந்து தொடங்குங்கள், பிறகு காமர்ஹெய்ட், லஸ்ட்மோர்ட் கடைசியில். நான் ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். மற்றொரு காது புழுவுக்கு. நான்காம் தோல் உரிப்பின்போது எல்லாப் புழுவும் தலையைத் தூக்கிக்கொண்டு தின்னாமல் அசையாமல் நிற்கும். அந்த ஒரு நாள் மனை முழுக்க நிசப்தம். அன்று மட்டும் இரண்டு காதிலும் வைத்துக்கொள்வேன்.