ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான்: இணையமா, பழைய நறுக்கா?

ஏற்காட்டில் இருந்துகொண்டு இந்த இரண்டு கொல்கத்தா கால்பந்து கிளப்புகளின் பழைய பகையைத் தேட எனக்கு இரண்டு வழி: கைபேசி, அப்புறம் கீழே சேலம் அம்மாபேட்டையில் மாமா தகரப் பெட்டியில் வைத்திருக்கும் நாளிதழ் நறுக்குகள்.

தேதிக்கும் முடிவுக்கும் இணையம் போதும். இதுவரை எத்தனை முறை மோதினார்கள் என்ற மொத்தக் கணக்கைத்தான் நம்ப முடியாது. சிலர் 1921 கூச் பெஹார் கோப்பையிலிருந்து எண்ணுவார்கள், சிலர் 1925 கல்கத்தா லீக்கிலிருந்து.

1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, இணைய அட்டவணையில் ‘ஈஸ்ட் பெங்கால் 4-1’ என்று ஒற்றை வரி. மாமாவின் நறுக்கு மடித்த இடத்தில் கிழிந்து பழுப்பேறிவிட்டது. ஆனால் அதில் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ ஆட்ட வியூகம் உடைந்த விதம் இருக்கிறது, ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியா அடித்த மூன்று கோல் இருக்கிறது, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் திரண்ட 1,31,000 பேரின் இரைச்சலும் இருக்கிறது. அதற்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போகலாம்.