வெயில், மழை, பனி: ஆறு வருஷமாக வெளியில் நின்று ஆயில் பெயின்டிங்

ஆறு வருஷமாக ஒரே ஏரிக்கரையில், ஒரே மரத்தைத்தான் பெரும்பாலும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் வாங்கிய சாமான்களில் பாதி இப்போது பரண்மேல் இருக்கிறது. கையோடு போவது ட்ரைபாடில் மாட்டும் சின்ன போச்சாட் பெட்டி (படத்தை நிறுத்தவும் பெயின்ட் கலக்கவும் உதவும் பெட்டி), 8 டியூப், 4 பன்றிமுடி பிரஷ், ஒரு பேலட் கத்தி, நிறையப் பழைய துணி. படத்தை நிறுத்தி வரையும் மர ஸ்டாண்ட் (ஈஸல்) பார்க்க அழகுதான். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு ஏறினால் வரைகிற ஆசையே போய்விடும்.

முதல் கோடை முழுக்க வீண். படத்தின்மேல் நேரே வெயில் அடிக்க நின்று வரைந்தேன். அந்த வெளிச்சத்தில் எந்த நிறமும் பளிச்சென்று தெரியும், அதனால் கை தன்னாலேயே இருட்டாகக் கலக்கும். வீட்டுக்குள் வந்து பார்த்தால் நடுப்பகல் காட்சி அந்தி மாதிரி இருக்கும். படமும், பெயின்ட் கலக்கும் பேலட்டும் ஒரே நிழலில் இருக்கவேண்டும் என்று புரிவதற்குள் இருபது படம் போயிற்று. குடை வைப்பதானால் வெள்ளை அல்லது சாம்பல். நீலக் குடைக்குக் கீழே நின்றால் எல்லாமே நீலம். சிவப்புச் சட்டையும் வேண்டாம், ஈரப் பெயின்டில் அதன் சாயல் அடிக்கும். துணி கேன்வாஸில் பின்பக்க வெயில் ஊடுருவி வரும் என்பதால் மரப்பலகைக்கு மாறிவிட்டேன்.

வெளிச்சம் ஒரே மாதிரி நிற்பது அதிகபட்சம் 2 மணி நேரம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது வெளிச்சம் மாற மாற வேறு கேன்வாஸுக்குத் தாவினார். நான் அதையே ஏழ்மையாகச் செய்கிறேன்: காலைக்கு ஒரு பலகை, மாலைக்கு ஒன்று. நேற்று விட்ட இடத்தில் பெயின்ட் இன்னும் ஈரமாக இருக்கும், மரத்தின் ஓரத்தை வானத்தோடு இழைத்துவிடலாம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட்டைத் திறந்த வெளியில் முயன்றேன், கலக்குவதற்குள் காய்ந்துவிட்டது.

மழைக்காலத்துக்கு வீணாகப் பயந்தேன். தூறல் விழுந்தால் துளி பெயின்ட் மேல் உருண்டு நிற்கும், துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பேலட்டில் விழுந்த துளியைக் கவனிக்காமல் கலக்கினால்தான் வம்பு, பெயின்ட் வழுக்கிக்கொண்டு எதிலும் பிடிக்காது. உண்மையான தலைவலி பச்சை. மழைக்குப் பின் கண்ணுக்கு எட்டிய வரை பச்சைதான், டியூப்பில் வரும் பச்சையோ பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும். ஐவரி பிளாக் என்ற கறுப்பில் மஞ்சள் சேர்த்துப் பாருங்கள், அருமையான மங்கல் பச்சை வரும். கிட்டத்து இலைகளுக்கு அல்ட்ராமரைன் நீலமும் மஞ்சளும், அதில் பிரஷ் நுனியளவு சிவப்பு.

எனக்குப் பிடித்தது பனிக்காலம்தான். சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் காலையிலும் நீளம், மதியத்திலும் நீளம். பெயின்ட் இறுகிக்கொள்ளும், அதனால் டியூப்பைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்குகிறேன். காய்வதும் தாமதமாகும். ஆயில் பெயின்ட் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கித்தான் இறுகுகிறது, குளிர் அந்த வேலையை மெதுவாக்கிவிடும். அதனால் அடிப்பூச்சுக்கு அம்பர் என்ற மண்பழுப்பு நிறம். அதிலிருக்கும் மாங்கனீஸ் சீக்கிரம் காயவைக்கும்.

இது தெரியாத வருஷத்தில் ஈரப் பலகைகள் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பையில் திணித்தேன். பிரித்தபோது காலை வானத்தின் பாதி மாலைப் படத்தில் இருந்தது, மரத்தின் கிளை ஒன்று தலைகீழாக ஏரிக்குள் ஒட்டியிருந்தது. இப்போது நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துக் கட்டுகிறேன்.

பூச்சிகள் எல்லாப் பருவத்திலும் வரும். ஓவியர் வான்கோவின் 1889 ஆலிவ் மரப் படம் ஒன்றில் சிக்கிக் கிடந்த வெட்டுக்கிளியை 2017இல்தான் கண்டுபிடித்தார்கள், நமக்கென்ன. ஈரத்தில் நோண்டாதீர்கள், காய்ந்தபின் நகத்தால் தட்டினால் உதிரும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயில் பெயின்டிலுள்ள ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன்.

கோடையின் உச்சிவெயில் இன்னும் எனக்குக் கைவரவில்லை. இந்த வருஷமும் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைதான், அதற்குமேல் பெட்டியை மூடிவிடுவேன்.