மூட் சரியில்லாதபோது சாக்லேட்: பல மாதப் பயன்பாட்டில் தெரிவது

சாக்லேட் மனநிலையை மாற்றத்தான் செய்கிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு மட்டும். தினமும் சாப்பிடுகிறவர்கள் நாலைந்து மாதத்தில் "முன்ன மாதிரி இல்லையே" என்று சலித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் சாக்லேட் அல்ல, அதைச் சாப்பிடும் விதம்.

முதலில், சாக்லேட்டில் காதல் உணர்வைத் தூண்டும் 'காதல் ரசாயனம்' இருக்கிறது என்ற பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். அப்படிச் சொல்லப்படும் பினைல்எத்திலமின் சாக்லேட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் வாய்வழியே போவதில் பெரும்பங்கை, மூளையை எட்டும் முன்பே மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடுகிறது. மூளையிலேயே சுரக்கும் இன்ப ரசாயனமான ஆனந்தமைடு சாக்லேட்டில் இருக்கும் அளவோ சொற்பத்திலும் சொற்பம். கணக்கில் வைக்கத்தக்கவை காஃபினும், அதன் உறவுக்கார ஊக்கியான தியோப்ரோமினும்தான். 70–85 சதவீதம் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் 100 கிராமில் சுமார் 80 மி.கி. காஃபினும் 800 மி.கி. தியோப்ரோமினும் உண்டு. 20 கிராம் சாப்பிட்டால் கிடைக்கும் காஃபின் 16 மி.கி.; ஒரு கப் காபியில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம்.

அப்படியானால் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வாயிலிருந்துதான். 1994-இல் வில்லா மிச்சனர், பால் ரோசின் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், சாக்லேட் ஆசை எழுந்தவர்களுக்குக் கொக்கோப் பொடி அடைத்த மாத்திரைகள் கொடுத்தார்கள், ஆசை அடங்கவில்லை. கொக்கோப் பொடியே இல்லாத வெள்ளை சாக்லேட் ஓரளவு அடக்கியது. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் வெப்பத்துக்குச் சற்றே கீழே என்பதால் நாக்கில் வைத்ததும் இளகி, இனிப்பும் மணமும் ஒன்றாக எழுகின்றன. இதைக் கெடுத்துக்கொண்டு கொக்கோ சதவீதத்தைக் கூட்டிப் பயனில்லை.

அதனால் 10 கிராம் துண்டு ஒன்றை உடைத்தெடுத்து, மீதியைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். இரண்டு முறை மட்டும் மென்று, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே கரைய விடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததானால் உறையைப் பிரிக்காமலே இருபது நிமிடம் வெளியே வையுங்கள். குளிர்ந்த துண்டு மெழுகு போலத்தான் இருக்கும். முன்கூட்டியே பிரித்தால் மேலே ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, பிறகு வெள்ளைப் படலமாகப் படியும். உட்பொருள் பட்டியலில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் அந்த உருகலை எதிர்பார்க்காதீர்கள். 70 சதவீதம் என்ற எண்ணில் கொக்கோ வெண்ணெயும் சேர்த்தி என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே எண் போட்ட இரண்டு கட்டிகள் கசப்பிலும் வீரியத்திலும் வேறுபடுவது அதனால்தான்.

நீண்டநாள் பயன்பாட்டில் சறுக்கும் இடம், மனம் சோர்ந்தபோதெல்லாம் கை சாக்லேட்டுக்குப் போவது. மைக்கேல் மாஃக்ட் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சோகமூட்டப்பட்டவர்களுக்குச் சுவையான சாக்லேட் தந்த ஆறுதல் மூன்று நிமிட அளவில் மங்கிவிட்டது. மங்கியதும் அடுத்த துண்டு, அதற்கடுத்தது. மில்க் சாக்லேட்டின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 100 கிராம் கட்டி முடிவதற்குள் 50 கிராம் சர்க்கரை உள்ளே போயிருக்கும். பின்னாலேயே "ஏன் தின்றோம்" என்ற குற்றவுணர்வும் வரும். சாப்பாட்டுக்குப் பின் அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சுழல் குறைவு.

இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்க் சாக்லேட் வேண்டாம். தியோப்ரோமின் பாதியாகக் குறையவே ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் மூட் அதைவிட மோசம். மோனோஅமின் ஆக்சிடேஸ் தடுப்பு வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஒரு நுணுக்கம்: வலி தொடங்கும் முன்பே இனிப்பு ஆசை வருவதுண்டு, பழி மட்டும் சாக்லேட் மேல் விழும்.

தனக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் போதும். சாப்பிடும் முன், முடித்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து என மூன்று முறை மனநிலைக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதுங்கள்; சாப்பிடாத நாள்களிலும் அதே நேரங்களில் எழுதுங்கள். நடு எண் ஏறி, கடைசி எண் பழைய இடத்துக்கே வந்தால் அது இயல்பு. கடைசி எண் தொடக்கத்தைவிடத் தாழ்ந்துகொண்டே போனால், முதலில் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். பிறகு நேரத்தை மாற்றுங்கள்.