மறதிநோய்: ஒருமுறை சோதனையா, தொடர் சோதனையா?

மறதிநோயின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, நினைவு, கவனம் போன்றவற்றைக் கேள்விகளால் சோதிக்கும் சிறு சோதனை மோகா (MoCA). இதற்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒருமுறை மட்டும் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த ஒற்றை எண்ணை நம்ப எனக்கு மனமில்லை. அதிகம் படிக்காதவர், காது மந்தமானவர், மனச்சோர்வில் இருப்பவர், முந்தைய இரவு தூங்காதவர் என்று பலருக்கும் நோய் இல்லாமலே மதிப்பெண் குறையலாம். நிறையப் படித்தவரோ, நினைவு சரிந்துகொண்டிருந்தாலும் 27 வாங்கிவிடக்கூடும்.

ஆண்டுக்கொருமுறை திரும்பச் செய்தால் ஒருவரை அவரோடே ஒப்பிடலாம். 29 எடுத்தவர் 26-க்கு இறங்கினால், வரம்பைத் தாண்டாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கேள்விகள் பழகிப்போய் மதிப்பெண் ஏறும் சிக்கல் உண்டு. அதற்காகவே மோகாவில் மாற்று வினாத்தாள்கள் இருக்கின்றன.

ஒருமுறை செய்தாலும் திரும்பத் திரும்பச் செய்தாலும் இது முதற்கட்ட வடிகட்டல்தான், நோயை உறுதிசெய்வதல்ல. நினைவு குறைய தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைபாடு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றனவா என்பதையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.